கீழாநெல்லி என்று எழுதிய பலகை

விபூதிப் புதனன்று ராயபுரம் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும், நெற்றியில் சாமியார் இட்ட சாம்பலைத் துடைக்காமலே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கிவிடுவார் அந்த அம்மாள். அரை மணி நேரத்தில் வியர்வை அந்தச் சாம்பலைக் கரைத்துப் புருவத்தின் மேல் ஒரு கோடாக இறக்கியிருக்கும். நான் அவரை முதன்முதலில் பார்த்தது அந்தக் கோலத்தில்தான். தினமும் திருநீறு பூசும் வீட்டில் பிறந்தவன் நான். கழுத்தில் ஜெபமாலையும் நெற்றியில் திருநீறுமாக ஒருவர் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது எனக்கு விளங்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் நிமிராமலே, "இன்னா சாரே, வழி தவறிப்பூட்டியா?" என்றார். வழி தவறவில்லை, ஆடாதோடை இலை வேண்டும், மனைவிக்கு இருமல் என்றேன். மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போய், ஒடித்த இடம் நசுங்காமல் சுத்தமாகக் கிள்ளிய ஒரு கொத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "உள்ள வந்து வாங்கினா இன்னா, மண்ணு ஒட்டிக்குமா?" என்று ஒரு சிரிப்பு வேறு.

சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த சமயம் அது. நாங்கள் திருவொற்றியூரில் குடியிருந்தோம். ரயில் பாதைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவில், சவுக்கு மரங்களை வேலியாக வைத்துக்கொண்டு, கால் ஏக்கருக்கும் குறைவான மணல் நிலத்தில் அவர் பச்சிலை பயிர் செய்துவந்தார். அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அவர் பச்சிலைக்காரம்மா. என்னைவிட நாலைந்து வயது இளையவராகத்தான் இருப்பார். அவருடைய கணவர் பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் நிலக்கரி அள்ளிப் போடும் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், வெள்ளைச் சட்டையைக் கழற்றிச் சவுக்குக் கிளையில் மாட்டிவிட்டு மனைவிக்குத் தண்ணீர் சேந்திக் கொடுப்பார். அந்த இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்பதற்காகவே நான் பல ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மாள் யாரையும் 'நீ' என்றுதான் சொல்வார். அதில் மரியாதைக் குறைவு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. என் மேலதிகாரி என்னை 'நீங்கள்' என்று அழைக்கும்போதுதான் அப்படித் தோன்றும்.

அவர் வேலை செய்யும் விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லாம் மழைக்காலத்தை நம்பிப் பயிர் வைப்பார்கள். இவருக்கு வருஷம் தொடங்குவது மாசியில்தான். பனி விட்ட இரண்டு வாரத்தில் அந்தக் கரை மணல் அடுப்புச் சாம்பலைப் போல உலர்ந்துவிடும். பங்குனியில் கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து இலை மேல் தூவும். சித்திரை வருவதற்குள் ஒவ்வொரு செடிக்கும் ஓர் இடம் தயாராக இல்லாவிட்டால் வருஷம் முழுவதும் கடைக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. ஆகவே விபூதிப் புதனிலிருந்து ஈஸ்டர் வரை உள்ள தவக்காலத்து நாற்பது நாளும் அவருக்கு இளவேனிலுக்கான ஆயத்த நாட்கள். கால்வாய்க் கரையிலிருந்து வண்டலைக் கூடையில் சுமந்துவந்து மணலில் கலப்பார். எருமைக் கொட்டகைகளிலிருந்து மட்கிய சாணம் வரும். உறைக் கிணற்றில் ஓர் உறை ஆழம் கூடுதலாக மணல் எடுக்கச் செய்வார். சவுக்குச் சருகை இரண்டு விரற்கடைக் கனத்துக்குப் பாத்தியின் மேல் பரப்புவார். மண்ணெண்ணெய் டின்னின் அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டு, அதில்தான் தண்ணீர் தெளிப்பார். குடத்தோடு ஊற்றினால் விதை எழுந்து ஓடிவிடும் என்பார். தவக்காலத்தில் இறைச்சியும் மீனும் தொடாமல், ஒருவேளைச் சாப்பாட்டோடு, இத்தனை வேலையையும் அந்த ஒல்லியான உடம்பு எப்படிச் செய்தது என்று இப்போதும் எனக்கு வியப்புதான்.

இவற்றில் முக்கியமானது பாத்தி மாற்றுவது. பனிக் காலத்தில் மேற்கு ஓரத்தில் நன்றாக இருக்கும் செடி, வெயில் காலத்தில் அங்கே கருகிவிடும். ஈரமும் நிழலும் வேண்டிய செடிகளை எல்லாம் வேரோடு மண் கட்டியாகப் பெயர்த்து, கிணற்றடிக்கும் சவுக்கு நிழலுக்கும் கொண்டுபோவார். வெயில் தாங்கும் செடிகள் அவை விட்டுப்போன இடத்துக்கு வரும். "இதுங்களும் மன்சன் மாதிரிதான் சாரே. வெயிலு வந்தா வூடு மாத்திக்கும். தானா நடக்கத் தெரியாது, நான் தூக்கினு போவணும், அவ்ளோதான்" என்று ஒரு முறை சொன்னார். அதைக் கேட்டுச் சிரித்தேனே தவிர, அதைப் பற்றி யோசிக்கவில்லை.

என் வேலை துறைமுகத்தில். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, என் கையிலுள்ள தாளிலும் அதுவே எழுதியிருக்கிறதா என்று சரிபார்ப்பது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை அல்ல. பதினெட்டு வருஷம் அதைச் செய்தவனுக்கு, மேலே பெயர் எழுதாத எதைப் பார்த்தாலும் ஓர் அரிப்பு. அந்தத் தோட்டத்தில் பன்னிரண்டு பாத்திகள் இருந்தன. ஒன்றுக்கும் பெயர் கிடையாது. ஒரு பொங்கல் விடுமுறையில், உடைந்த தேயிலைப் பெட்டிகளின் பலகைகளைக் கொண்டுவந்து அறுத்து, பெட்டிகளுக்குக் குறி போடும் கறுப்பு மையால் ஒவ்வொரு செடியின் பெயரையும் அவரிடமே கேட்டு என் கையெழுத்தில் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். பன்னிரண்டு பலகைகளையும் பாத்திக்கு ஒன்றாக ஊன்றினேன்.

கணவர் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சாரே, தழைக்கெல்லாம் பேர் வெச்சிகினு கீற? ஞானஸ்நானம் குடுக்கிறியா? அப்போ ஞானத்தகப்பன் யாரு, நானா?"

"கம்னு கெட நீ" என்றார் அந்த அம்மாள். "உனுக்குத்தான் படிக்கத் தெரியாது. தெரிஞ்சவரு செய்யிறாரு."

"உனுக்கு மட்டும் தெரியுமா?"

"எனுக்குத் தெரியாது. அதான் கம்னு கீறேன்."

அவர் பலகை பலகையாகப் போய் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். இது எது, இது எது என்று கேட்டுக்கொண்டார். கடைசிப் பலகையின் முன்னால் நின்று, "கோயில்ல போர்டு வெச்சா மாதிரி அழகா கீது சாரே" என்றார். எழுத்து என்றால் அவருக்கு ஒரு பயபக்தி உண்டு. வேர்க்கடலை சுற்றி வந்த செய்தித்தாளில் தெரியாமல் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதன்பின் தண்ணீர் தெளிக்கும்போது பலகையில் சேறு தெறித்தால் முந்தானையால் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது. மேற்கு ஓரத்துப் பாத்தியில் நான் எழுதி வைத்த பெயர் கீழாநெல்லி.

அந்த மாசியில் துறைமுகத்தில் வேலை அதிகம். ஆறு வாரம் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. பங்குனி தொடங்கிய சமயத்தில் எங்கள் மகளின் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்கு முன்னால் பிறந்த இருவரையும் கைக்குழந்தையிலேயே மூலக்கொத்தளம் இடுகாட்டில் புதைத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். இவள் ஒருத்திதான் எங்களுக்குத் தங்கியவள். இவள் தும்மினாலும் நான் விழித்துக்கொள்வேன். காமாலை என்றதும் தெருவில் எல்லாரும் சொன்னது ஒன்றேதான்: கீழாநெல்லியை அரைத்து, மோரில் கலந்து, வெறும் வயிற்றில் கொடு. என் மனைவி, "அக்காவைக் கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராகத் தோட்டத்துக்குப் போனேன். அந்த அம்மாள் இல்லை. தவக்காலத்து வெள்ளிகளில் சிலுவைப் பாதைக்கு ராயபுரம் கோயிலுக்குப் போய்விடுவார் என்பது எனக்குத் தெரிந்ததுதான். கணவர் யார்டில். படல் சும்மா சாத்தியிருந்தது. வேண்டியதைப் பறித்துக்கொள்ள எனக்கு எப்போதோ அனுமதி கொடுத்திருந்தார். உள்ளே போனேன். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. மேற்கு ஓரத்தில் என் பலகை நேராக நின்றது. கீழாநெல்லி. அதன் அடியில் இளஞ்செடிகள் வரிசையாக, சிறு சிறு இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அடுக்கி நின்றன. கீழாநெல்லிக்கும் இலை அப்படித்தான் வரிசையாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். கைநிறையப் பிடுங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். படலைச் சாத்தும்போது, எழுதி வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் காலை எலுமிச்சங்காய் அளவு அரைத்து மோரில் கலந்து நானே கொடுத்தேன். கசக்கிறது, வேண்டாம் என்றாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கச் சொன்னேன். குடித்தாள். ஒன்பது மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பிறகு வயிற்றுப்போக்கு. ஐந்து முறை, ஆறு முறை, அதன் பிறகு எண்ணவில்லை. வாந்தியும் சேர்ந்துகொண்டது. பதினோரு மணிக்கு அவள் கண்கள் உள்ளே போய்விட்டன. உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, "அப்பா, இனிமே கசக்குதுன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். மிச்சமிருந்த தழையைக் கைக்குட்டையோடு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன்.

அவர் பாத்தியில் குந்தி உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. உன் தழை, உன் தழை என்றுதான் கத்தியிருப்பேன். அவர் எழுந்து கைக்குட்டையை வாங்கிப் பிரித்தார். ஒரே ஒரு இலையை எடுத்து விரலால் திருப்பினார். முன்பல்லால் கடித்துத் துப்பினார்.

"இத்த எங்க புடுங்கின?"

மேற்கு ஓரத்தைக் காட்டினேன்.

"இலையத் திருப்பிப் பார்த்தியா?"

"போர்டு இருந்தது..."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் வருவதற்குள்ளேயே வேறு ஏதோ வந்துவிட்டது. கீழாநெல்லியை அவர் விபூதிப் புதனுக்கு மறுநாளே கிணற்றடிக்கு மாற்றிவிட்டிருந்தார். காலியான மேற்குப் பாத்தியில், நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சி தம் ஊர்ப் பக்கத்திலிருந்து தருவித்துக் கொடுத்த நிலாவாரை விதையைப் போட்டிருந்தார். பேதிக்குக் கொடுக்கிற இலை அது. அந்த வருஷம்தான் அந்தத் தோட்டத்துக்குப் புதிதாக வந்தது. செடிகளை எல்லாம் மாற்றியவர், பலகைகளை மட்டும் தொடவில்லை. "நீ எய்தி ஊனினது. அத்தப் புடுங்கலாமா கூடாதான்னு எனுக்குத் தெரியல. நீ வந்தா கேக்கலாம்னு வுட்டுட்டேன்" என்றார். சொல்லிக்கொண்டே, குனிந்து அந்தப் பாத்தியிலிருந்து ஒரு செடியை வேரோடு, மண்ணோடு பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார். எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அவர் எனக்கு முன்னால் ஓடினார். வீட்டில் என் மனைவியிடம் வடித்த கஞ்சியில் உப்புப் போடச் சொல்லி, ஜட்கா வண்டியில் பிள்ளையின் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். வாந்தியில் பாதி அவர் புடவையிலேயே போயிற்று. "கண்ணத் தொற, நைனா. என்னப் பாரு. ஒன் அப்பன் மூஞ்சியப் பாரு, பேயடிச்சா மாதிரி கீது" என்று அவளைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே வந்தார். வண்டிக்காரரிடம் இரண்டு முறை, "குதிரைக்கு இன்னா கல்யாணமா, இப்டி நடக்குது?" என்று சத்தம் போட்டார். நான் எதிரில் உட்கார்ந்து அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கால் குளிர்ந்து போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் கூட்டம். அந்த வாரம் கால்வாய் ஓரத்துக் குடிசைகளில் காலரா கண்டிருந்தது. நாங்கள் போன சமயத்தில் அங்கிருந்த டாக்டர் காலையிலிருந்து அதையே பார்த்துக் களைத்துப்போயிருந்தார். இளைஞர். பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். எத்தனை முறை போயிற்று என்று கேட்டார். பக்கத்தில் குடிசையா, என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றார். கேட்டுக்கொண்டே ஒரு சீட்டில் எழுதத் தொடங்கினார். காலரா நோயாளிகளைத் தனியாக வைத்திருந்த ஆஸ்பத்திரிக்கு அவளை அனுப்புவதற்கான சீட்டு அது. எழுதும்போது தலையைத் தூக்காமல், "ஏதாவது மருந்து கொடுத்தீங்களா? நாட்டு மருந்து, தழை, கிழை?" என்று கேட்டார்.

நான் சொன்னதை எழுத இப்போதும் கை தயங்குகிறது. "இல்லை டாக்டர். மோர் மட்டும்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சட்டைப் பையில் பேனா செருகிய துறைமுகக் குமாஸ்தா, படித்தவன், தன் பிள்ளைக்குத் தானே தப்பான தழையை அரைத்துக் கொடுத்தான் என்பதை இன்னொரு படித்தவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவ்வளவுதான் காரணம். என் ஒரே பிள்ளை நாற்காலி அகலத்து மேஜையின் மேல் கிடக்க, எனக்கு அந்த ஒரு கணம் பெரிதாகப் பட்டது என் மானம்.

"பொய் சொல்றாரு டாக்டர்."

பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். அந்த அம்மாள் முன்னால் வந்து, மடியை அவிழ்த்து, வேரும் மண்ணுமாக அந்தச் செடியை டாக்டரின் காகிதங்களின் மேலேயே வைத்தார். "தழை குடுத்துக்கீறாரு. இதான். நிலாவாரை. காலையில வெறும் வவுத்துல, இம்மாம் பெரிசு. கொய்ந்தைக்கு மஞ்சக் காமாலை வேற கீது, கண்ணப் பாரு. இது காலரா இல்ல."

டாக்டர் பேனாவை வைத்தார். பிள்ளையின் இமையை விலக்கிப் பார்த்தார். செடியைப் பார்த்தார். "யார் தழை இது?"

"என் தோட்டத்துது."

அதன்பின் அவர் மேல் விழுந்த வசவு சாதாரணமானதல்ல. உங்களைப் போன்றவர்களைப் போலீஸில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். எத்தனை பிள்ளைகளை இப்படிக் கொன்றிருக்கிறாய் என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வாந்தி நனைத்த புடவையோடு, அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பறித்தது இவர், பலகை எழுதியது இவர், நான் அப்போது கோயிலில் இருந்தேன் என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டாக்டர் மூச்சு விட்டபோது, "திட்டறத அப்பறம் திட்டு நைனா. நான் இங்கதான் கீறேன். மொதல்ல கொய்ந்தையப் பாரு" என்றார். டாக்டர் அந்தச் சீட்டைக் கிழித்தார். அந்தக் காகிதம் கிழிந்த சத்தத்தை நான் கேட்டேன். அதற்குப் பிறகுதான், "அவங்க மேல தப்பில்லை டாக்டர், நான்தான்" என்று எனக்குக் குரல் வந்தது. டாக்டர் அதற்குள் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது யார் காதிலும் விழவில்லை.

நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். சாயங்காலம் கால் சூடானது. மறுநாள் ஞாயிறு, கஞ்சி கேட்டாள். மூன்றாம் நாள் அதே டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: தழையின் பெயரை மறைக்கிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறோம், செடியையே பிடுங்கிக்கொண்டு வந்தவரை இப்போதுதான் பார்க்கிறேன். காமாலையோடு இருக்கும் இந்த உடம்பைக் காலரா நோயாளிகளுக்கு நடுவில் போட்டிருந்தால் மேலே என்ன ஆகியிருக்கும் என்று தம்மால் சொல்ல முடியாது. அந்த அம்மாளிடம் இதைச் சொல்லுங்கள் என்றார். நான் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பலகை உட்பட.

வீட்டுக்கு வந்த பிறகு கேள்விப்பட்டேன், நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சி அவரிடம் தழை வாங்குவதை நிறுத்திவிட்டார் என்று. ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற யாரோ ஊரெல்லாம் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை ஆபீஸுக்குப் போகாமல் கடைக்குப் போனேன். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்க நினைத்த என் கால்களை நானே முன்னால் தள்ளினேன். எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். அண்ணாச்சி தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கீழாநெல்லின்னு பேருலயே இருக்கே ஐயா, காய் கீழ இருக்கும்னு. எழுதத் தெரிஞ்சவுக நீங்க, எழுதினது என்னன்னு வாசிக்கத் தெரியலையே!" என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. அன்று மத்தியானமே அவர் தோட்டத்துக்கு ஆள் அனுப்பித் தழை எடுத்துவரச் செய்தார்.

குருத்தோலை ஞாயிறன்று நான் தோட்டத்துக்குப் போனேன். அந்த அம்மாளும் கணவரும் கோயிலிலிருந்து வந்து, மந்திரித்த ஓலையைப் படலில் செருகியிருந்தார்கள். பாத்திகள் எல்லாம் தயாராகியிருந்தன. கீற்று நிழல் கட்டி, சருகு பரப்பி, விளிம்பு தட்டி, வெயில் எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்பது போல் அந்தத் தோட்டம் இருந்தது. என் பலகைகள் பன்னிரண்டும், பெயருக்கும் செடிக்கும் ஒட்டில்லாமல், துடைத்துச் சுத்தமாக அங்கேயே நின்றன. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர்தான், "இன்னா சாரே, ஞானஸ்நானம் பலிக்கல போல" என்றார். அதற்கு அவர் முறைத்த முறைப்பில் கணவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

"அந்த டாக்டரு சின்னப் புள்ள. அவரு திட்டினது எனுக்கு ஒண்ணுமில்ல" என்றார் அந்த அம்மாள். "ஆனா நீ இல்லன்னு சொன்னியே சாரே, அத்தத்தான் என்னால தாங்க முடில."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "புடுங்கிடட்டுமா?" என்று பலகைகளைக் காட்டினேன்.

"நீ ஊனினே, நீயே புடுங்கு."

பிடுங்கினேன். அவர் கிணற்றடியிலிருந்து ஒரு சிறு கிளையைக் கிள்ளி வந்து என் கையில் வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார். திருப்பிப் பார்த்தேன். இலைகளின் அடியில், ஒன்றன்பின் ஒன்றாக, கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் தொங்கிக்கொண்டிருந்தன. மகளுக்கு இதைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "ஒண்ணும் குடுக்காத. அந்த டாக்டரு இன்னா சொன்னாரோ அத்த மட்டும் செய்" என்றார், பச்சிலை விற்றுப் பிழைக்கிற அந்த அம்மாள். அப்படியே செய்தோம். மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது.

இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நாங்கள் தண்டையார்ப்பேட்டைக்குக் குடிவந்துவிட்டோம். அவர் அங்கேயேதான் இருக்கிறார். இந்த மாசியிலும் புருவத்தில் சாம்பல் கரைய அவர் செடிகளை வீடு மாற்றியிருப்பார். நான் என் வாழ்க்கையில் பெரிய மனிதர்கள் என்று சிலரைப் பார்த்திருக்கிறேன். துறைமுகத்துக்கு வந்து போகும் பெரிய அதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன். தம் பிழைப்புக்கே கேடு வரும் என்று தெரிந்தும், கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலை மடியில் கட்டிக்கொண்டு வந்த ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

போன மாதம் மகளுக்குக் காய்ச்சல். இப்போது அவளுக்குப் பதினாறு வயது, என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். டாக்டர் புதியவர். நாடியைப் பிடித்துக்கொண்டே, "ஏதாவது கொடுத்தீங்களா?" என்று எல்லாரையும் கேட்பது போல் கேட்டார். விடியற்காலையில் வெந்நீர் கொடுத்தோம் என்றேன். மிளகு ரசம் கொடுத்தோம். நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டோம், சுக்கை நானே உடைத்துப் பார்த்தேன், உள்ளே பூச்சி இல்லை. முந்தின நாள் ஒரு மாத்திரை, அதன் உறை இதோ இருக்கிறது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "போதும்பா" என்று மகள் வெட்கத்தோடு என் கையைப் பிடித்தாள். அவள் கை சுட்டது.

"இன்னும் ஒன்று இருக்கிறது, டாக்டர்" என்றேன். "மத்தியானம் ஒரு சுட்ட அப்பளம். வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான்தான் கொடுத்தேன்."